ஒரே வேடத்தில் 41 ஆண்டுகள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சீரியல் நடிகையைப் பற்றி. சினிமா நடிகர்களுக்கு நூற்றாண்டு விழா எடுக்கிறோம். மேடைக் கலைஞர்களுக்கு மலர் வெளியிடுகிறோம். சீரியல் நடிகை என்று சொன்னால் மட்டும் நம் குரல் ஏன் தாழ்ந்துவிடுகிறது? "அது வீட்டில் இருக்கிறவர்கள் பார்ப்பது" என்று ஏன் ஒதுக்குகிறோம்? வீட்டில் இருக்கிறவர்கள் பார்த்தால் அது கலை ஆகாதா? இந்தக் கேள்வியோடு உங்களை அமெரிக்காவுக்கு அழைத்துப் போகிறேன். நியூயார்க் நகரத்து ஸ்டுடியோவில் 1970-இல் ஒரு வேடம் ஏற்று, 2011 வரை அதே வேடத்தில் நடித்த சூசன் லூச்சி என்ற பெண்மணியைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

அவரைப் பற்றி உலகம் அறிந்து வைத்திருப்பது ஒரே செய்தி. தொலைக்காட்சிக் கலைஞர்களுக்கான எம்மி விருதுக்குத் திரும்பத் திரும்பப் பரிந்துரைக்கப்பட்டுத் திரும்பத் திரும்பத் தோற்றவர். அந்தச் செய்திக்கும் வருகிறேன். ஆனால் அதிலிருந்து தொடங்க மாட்டேன். ஒரு மனுஷியின் வாழ்நாள் உழைப்பை அவருக்குக் கிடைக்காத ஒரு பொருளைக் கொண்டு அளப்பது நியாயமில்லை.

1946 டிசம்பர் 23 அன்று நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர் சூசன். தந்தை இத்தாலிய வழி வந்தவர், கட்டட ஒப்பந்ததாரர். தாய் வழியில் ஸ்வீடன் நாட்டு வேர்கள். லாங் ஐலண்டில் கார்டன் சிட்டி என்ற ஊரில் வளர்ந்தார். மேரிமவுண்ட் கல்லூரியில் நாடகம் படித்து 1968-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே, 1969 செப்டம்பரில், ஹெல்முட் ஹூபர் என்பவரை மணந்தார். அவர் ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர், உணவுத் தொழிலில் இருந்தவர். திருமணமாகி நான்கு மாதம்கூட ஆகவில்லை, 1970 ஜனவரி 5 அன்று ஏபிசி தொலைக்காட்சியில் 'ஆல் மை சில்ட்ரன்' என்ற தொடர் தொடங்கியது. அதே மாதம் 16-ஆம் தேதி சூசன் அதில் முதன்முதலாகத் தோன்றினார். வயது 23. வேடம், பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண். பெயர் எரிகா கேன்.

இந்த இடத்தில் இன்னொரு பெண்மணியையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். எரிகாவைப் படைத்தவர் ஆக்னஸ் நிக்சன். பகல் நேரத் தொடர் என்றால் கண்ணீரும் காதலும் போதும் என்று எல்லோரும் நினைத்த காலத்தில், அதற்குள் ஊர்ப் பிரச்சினையைக் கொண்டுவந்து வைத்தவர். 1962-இல் 'கைடிங் லைட்' என்ற தொடரில் ஒரு பெண்ணுக்குக் கருப்பைப் புற்றுநோய் வருவதாக எழுதினார். நோக்கம் என்ன? வீட்டுப் பெண்கள் டாக்டரிடம் போய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். விளம்பரம் தந்த சோப்புக் கம்பெனிக்கும் தொலைக்காட்சி நிறுவனத்துக்கும் பயம். கதையை ஒளிபரப்பலாம், ஆனால் 'புற்றுநோய்' என்று சொல்லக் கூடாது, 'கருப்பை' என்றும் சொல்லக் கூடாது! நோயின் பெயரையும் சொல்லாமல், உறுப்பின் பெயரையும் சொல்லாமல், அந்தப் பரிசோதனையின் அவசியத்தைப் பார்ப்பவர்களுக்குப் புரியவைத்தார் அந்த அம்மா. அப்படிப்பட்ட கைகளில் போய்ச் சேர்ந்தார் சூசன் லூச்சி.

எரிகா கேன் எப்படிப்பட்ட பெண்? பென்சில்வேனியாவில் 'பைன் வேலி' என்றொரு கற்பனை ஊர். அங்கே தகப்பன் விட்டுப் போன வீட்டில், தாய் மோனாவின் நிழலில் வளர்ந்தவள். அழகி. ஆசைக்காரி. பொய் சொல்வாள். பிறர் காதலைக் கெடுப்பாள். தனக்கு வேண்டியதை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பாள். அதுவரை பகல் தொடர்களில் இரண்டே வகைப் பெண்கள். அழுகிற நல்லவள், அழவைக்கிற கெட்டவள். எரிகா இந்த இரண்டு கணக்கிலும் அடங்கவில்லை. அவள் செய்கிற தப்பைப் பார்த்துத் திட்டுவார்கள். மறுநாள் மதியம் அவளைப் பார்ப்பதற்காகவே சமையலை முன்கூட்டி முடிப்பார்கள். ஏன்? அவள் செய்வதை யாரும் ஏற்கவில்லை. ஆனால் அவள் ஏன் செய்கிறாள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. அப்படிப் புரியவைத்தது எழுத்து பாதி, சூசனுடைய முகம் பாதி.

1973-ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அந்த ஆண்டு ஜனவரியில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பைப் பெண்ணின் உரிமை என்று ஏற்றது. அதே ஆண்டில் எரிகா கருவுறுகிறாள், கருவைக் கலைக்கிறாள். உயிருக்கு ஆபத்து என்பதாலா? இல்லை. வறுமையாலா? அதுவும் இல்லை. மாடலாக வேண்டும் என்ற கனவு கைகூடி வருகிறது, அதை விட மனமில்லை. அமெரிக்கப் பகல் தொடர்களில் சட்டப்படியான கருக்கலைப்பு முதன்முதலாக வந்தது இந்தக் கதையில்தான். நடித்தவர் யார்? கைக்குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பார்க்கிற தாய்மார்கள் முன்னால் இந்த முடிவை எடுக்கிற பெண்ணாக நிற்க வேண்டியவர், இருபத்தாறு வயதுச் சூசன். மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு அவர் அதை நடித்திருந்தால் கதை அன்றே செத்திருக்கும். அவர் அப்படி நடிக்கவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் போன பிறகு, வேறு எழுத்தாளர்கள் வந்து, அந்தக் கரு கலைக்கப்படவே இல்லை, ஒரு மருத்துவர் அதை எடுத்து வேறொரு பெண்ணின் வயிற்றில் வைத்துவிட்டார் என்று கதையைத் திருப்பினார்கள். எனக்கு அது கோபத்தைத்தான் தந்தது. எரிகா தானாக எடுத்த முடிவை அவளிடமிருந்தே பறித்த வேலை அது.

சரி, எரிகாவைப் பார்த்தோம். எரிகாவாக வாழ்வதற்குச் சூசன் என்ன விலை கொடுத்தார்? இதைத்தான் நாம் யாரும் கேட்பதில்லை. கேட்போம் வாருங்கள்.

சினிமாவில் ஒரு நாளைக்கு இரண்டு நிமிடக் காட்சி எடுத்தால் நல்ல வேலை என்பார்கள். மேடை நடிகர் ஒரே வசனத்தை நூறு இரவு பேசிப் பேசிச் செதுக்குவார். பகல் தொடரில் இரண்டு வசதியும் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் ஒளிபரப்பு. ஆண்டு முழுவதும் ஒளிபரப்பு. சீசன் முடிந்தது, நாலு மாதம் ஓய்வு என்ற பேச்சே கிடையாது. தொடக்கத்தில் அரை மணி நேரம். 1977-இல் அது ஒரு மணி நேரமானது. ஒரு நாளைக்கு ஓர் எபிசோடு எடுத்தாக வேண்டும். இரவு வீட்டில் உட்கார்ந்து வசனம் பாடம் செய்ய வேண்டும். விடிந்ததும் ஸ்டுடியோ. எங்கே நிற்பது, எங்கே திரும்புவது என்று ஒத்திகை. மேக்கப், உடை, மறுபடி ஒத்திகை, பிறகு படப்பிடிப்பு. ரீடேக் கேட்டால் நேரமும் போகும், பணமும் போகும். பேசி முடித்த வசனத்தை அன்று மாலையே மறந்தாக வேண்டும். நாளைய வசனம் காத்திருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். அந்தத் தொடர் ஏபிசியில் 10,000-க்கும் மேற்பட்ட எபிசோடுகள் ஓடியது. 41 ஆண்டு. இந்த 41 ஆண்டில் எரிகாவுக்குப் பத்துக்குக் குறையாத திருமணம் நடத்திவைத்தார்கள். வலி மாத்திரைக்கு அடிமையாக்கி, சிகிச்சைக்கு அனுப்பினார்கள். காட்டுக்குள் கரடியை எதிர்கொள்ள வைத்தார்கள், அவள் அதை அதட்டி விரட்டினாள்! கேட்கச் சிரிப்பு வருகிறதா? அந்தக் காட்சியிலும் எரிகா எரிகாவாகவே இருந்தாள் என்பதுதான் பெரிது. எழுத்தாளர்கள் மாறினார்கள். இயக்குநர்கள் மாறினார்கள். கதை ஒரு வாரம் மேலே போகும், ஒரு வாரம் சரியும். அவள் யார் என்பது மாறாமல் பார்த்துக்கொண்ட ஒரே ஆள் அந்த நடிகை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1993-இல் கெண்டல் என்ற இளம்பெண் கதைக்குள் வருகிறாள். எரிகா பதினான்காம் பிறந்தநாளன்று, தகப்பனின் நண்பனால் பாலியல் வன்முறைக்கு ஆளானவள். அதில் பிறந்த குழந்தையைத் தத்துக் கொடுத்துவிட்டு, அதை நினைவிலிருந்தே அழித்துக்கொண்டவள். அந்தக் குழந்தைதான் வளர்ந்து கெண்டலாக வந்து நிற்கிறாள். 23 ஆண்டு கழித்து எழுத்தாளர்கள் வைத்த ஒரு முடிச்சு அது. சாதாரணமாக இப்படி ஒரு முடிச்சு போட்டால் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் நம்பினார்கள். ஏன் இவள் எந்த ஆணையும் முழுதாக நம்பவில்லை, ஏன் எந்தத் திருமணமும் நிற்கவில்லை, ஏன் கண்ணாடியை விட்டு விலகவில்லை என்ற பழைய கேள்விகளுக்கெல்லாம் திடீரென்று ஒரு விடை கிடைத்தது. அத்தனை ஆண்டுகளும் அந்த முகத்தைப் பார்த்திருந்தவர்களுக்குத்தான் அந்த விடை முழுமையாகப் புரியும். கெண்டலாக நடித்த சாரா மிஷல் கெல்லருக்கு 1995-இல் இளம் நடிகைக்கான எம்மி கிடைத்தது. எதிரே நின்று நடித்த சூசனுக்கு அப்போதும் கிடைக்கவில்லை.

2000-இல் எரிகாவின் இன்னொரு மகள் பியான்கா, தான் பெண்களையே காதலிக்கிறவள் என்று தாயிடம் சொல்கிறாள். ஊரையே எதிர்த்து வாழ்ந்த எரிகாவால் அதை உடனே ஏற்க முடியவில்லை. தனக்கு வேண்டிய சுதந்திரம் வேறு, மகளுக்குக் கொடுக்க வேண்டிய சுதந்திரம் வேறு என்று தடுமாறுகிற தாய். எத்தனை வீடுகளில் எத்தனை தாய்மார்கள் அந்தத் தடுமாற்றத்தில் தங்களைப் பார்த்திருப்பார்கள்! அதைச் சின்னச் சின்னப் பார்வையில், வாக்கியத்தின் நடுவே நின்றுபோகும் பேச்சில் காட்டினார் சூசன்.

இப்போது விருதுக்கு வருகிறேன்.

1978-இல் முதல் பரிந்துரை. கிடைக்கவில்லை. அடுத்தடுத்த பரிந்துரைகள், கிடைக்கவில்லை. எண்பதுகள் போயின, கிடைக்கவில்லை. தொண்ணூறுகள் போய்க்கொண்டிருந்தன, கிடைக்கவில்லை. பதினெட்டு முறை அழகாக உடுத்திக்கொண்டு போய் உட்கார்ந்து, வேறொருவர் பெயர் அறிவிக்கப்படும்போது கேமரா தன் முகத்தை நெருங்கி வருவதைத் தெரிந்துகொண்டே புன்னகையோடு கை தட்ட வேண்டும். அந்தப் புன்னகை எத்தனை கடினமான நடிப்பு! நாடே அதைப் பேசிச் சிரித்தது. தோற்றுக்கொண்டே இருப்பவருக்கு அவர் பெயர் ஒரு பழமொழி மாதிரி ஆயிற்று. அவர் ஒளிந்துகொள்ளவில்லை. 1990-இல் 'சாட்டர்டே நைட் லைவ்' நகைச்சுவை நிகழ்ச்சியை நடத்த அழைத்தார்கள். போனார். தனக்கு எம்மி கிடைக்காததையே கிண்டலாக்கிய காட்சியில் தானே நடித்தார்.

ஏன் கிடைக்கவில்லை? மற்ற நடிகைகள் திறமையில் குறைந்தவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பகல் தொடர்களில் அபாரமான நடிகைகள் இருந்தார்கள். ஆனால் அந்த விருதுக்கு நடிகர்கள் தங்கள் ஆண்டு வேலையிலிருந்து மிகச் சில எபிசோடுகளை மட்டும் பொறுக்கி அனுப்ப வேண்டும். நடுவர்கள் அதைப் பார்த்து முடிவு செய்வார்கள். ஒரே எபிசோடில் கதறி அழுகிற காட்சி இருந்தால் அது நடுவரின் நெஞ்சைத் தொடும். எரிகாவின் பலமோ ஒரு நாளில் தெரிவது இல்லை. பத்து ஆண்டு பார்த்தவருக்கு அவள் புருவம் உயர்ந்தால் போதும், அடுத்து என்ன விபரீதம் என்று தெரியும். முதல் முறை பார்க்கிற நடுவருக்கு அது வெறும் புருவம்! ஆற்றின் நீளத்தை ஒரு குடம் தண்ணீரில் எப்படிக் காட்டுவது? சூசன் தோற்றதற்குக் காரணம் இந்த அளவுகோல் என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

1999 மே 21, வெள்ளிக்கிழமை. நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். பத்தொன்பதாவது பரிந்துரை. உறையைப் பிரித்தவர் ஷெமார் மூர் என்ற நடிகர். பெயரைச் சொல்வதற்கு முன்பே, அந்த நீண்ட தோல்வி வரிசை முடிந்தது என்று அறிவித்தார். அவ்வளவுதான், அரங்கமே எழுந்து நின்றது. நிமிடக் கணக்கில் கைதட்டல் ஓயவில்லை. போட்டித் தொடர்களின் நடிகர்கள் அழுதார்கள். மேடை ஏறிய சூசனால் பேசத் தொடங்க முடியவில்லை. கணவருக்கும், பிள்ளைகளுக்கும், ஆக்னஸ் நிக்சனுக்கும் நன்றி சொன்னார். கடைசியாக அவர் சொன்னதைக் கவனியுங்கள். திங்கட்கிழமை ஸ்டுடியோவுக்குத் திரும்பிப் போய் எரிகா கேனாக முழு மூச்சோடு நடிப்பேன் என்றார். பத்தொன்பது பரிந்துரைகளுக்குப் பிறகு கிடைத்த விருதைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் யோசித்தது திங்கட்கிழமை வேலையை. அந்த மனம் இல்லாவிட்டால் 41 ஆண்டு சாத்தியமே இல்லை, நண்பர்களே.

அவருடைய வீட்டைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். எரிகா திருமணம் செய்துகொண்டே போனாள். சூசனுக்கோ ஒரே திருமணம், 52 ஆண்டு. 1975-இல் மகள் லீசா, 1980-இல் மகன் ஆண்ட்ரியாஸ். லீசா தாயின் வழியிலேயே 'பேஷன்ஸ்' என்ற பகல் தொடரில் நடித்தார். மகன் கோல்ஃப் விளையாட்டுக்குப் போனார். ஹாலிவுட்டுக்குக் குடிபெயராமல், வளர்ந்த ஊர்ப் பக்கமே இருந்து வேலைக்குப் போய் வந்தார் சூசன். கணவரே பின்னாளில் அவருடைய தொழில் விவகாரங்களைப் பார்த்துக்கொண்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சூசனின் ஆண்டுச் சம்பளம் 10 லட்சம் டாலரைத் தாண்டியது என்று பத்திரிகைகள் எழுதின. பகல் தொடரில் அதற்கு மேல் வாங்கியவர் அன்று யாரும் இல்லை என்றார்கள். மனைவியின் பெயர் தன் பெயரை விடப் பல மடங்கு பெரிதாக வளர்வதைப் பக்கத்தில் நின்று வளர்த்துவிட்ட அந்த மனிதருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு.

பிறகு இறங்குமுகம். பெண்கள் வேலைக்குப் போனார்கள், கேபிள் சேனல்கள் பெருகின, பகல் தொடர்களைப் பார்ப்பவர்கள் குறைந்தார்கள். செலவைக் குறைக்கத் தொடரை நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றினார்கள். அதுவும் போதவில்லை. 2011 ஏப்ரலில் தொடரை நிறுத்தப்போவதாக ஏபிசி அறிவித்தது. அந்த நேரத்துக்குச் சமையல் பற்றிய பேச்சு நிகழ்ச்சி வரும் என்றார்கள், ஏனென்றால் அதை எடுப்பதற்குச் செலவு குறைவு. ரசிகர்கள் பொங்கி எழுந்தார்கள். அவர்கள் பக்கம் நின்று, ஹூவர் என்ற வேக்யூம் கிளீனர் கம்பெனி ஏபிசியிலிருந்து தன் விளம்பரத்தையே திரும்பப் பெற்றது. எதுவும் பலிக்கவில்லை. 2011 செப்டம்பர் 23 அன்று ஏபிசியில் கடைசி எபிசோடு. ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு, யாருக்கு என்ன ஆனது என்றே சொல்லாமல் திரை இருண்டது.

இன்னொரு இழப்பைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் ஒளிநாடா விலை அதிகம். ஒளிபரப்பு முடிந்ததும் அதையே அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். 'ஆல் மை சில்ட்ரன்' தொடரின் தொடக்க ஆண்டு எபிசோடுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் போயின. சினிமாவாக இருந்தால் பாதுகாத்திருப்பார்கள். பகல் சீரியல்தானே என்ற அலட்சியம்! ஒரு நடிகை தன் இருபதுகளில் செய்த வேலையின் பெரும் பகுதி இன்று பார்த்தவர்களின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. இது களவுக்குச் சமம் என்பது என் கருத்து.

தொடர் முடிந்தபோது சூசனுக்கு 64 வயது. அவர் நிற்கவில்லை. 'டீவியஸ் மெய்ட்ஸ்' என்ற தொடரில் நாலு சீசன் நடித்தார். பிறகு 2018 அக்டோபரில் மார்பில் ஓர் இறுக்கம். களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டார். மறுபடி வந்தது, மறுபடி விட்டுவிட்டார். ஒரு கடையில் இருந்தபோது, யானை ஏறி உட்கார்ந்ததுபோல் மார்பு அழுத்தியது. மருத்துவமனையில் பார்த்தால் முக்கிய ரத்தக் குழாயில் 90 சதவீதம் அடைப்பு, இன்னொன்றில் 75 சதவீதம். அன்றாடம் உடற்பயிற்சி செய்கிறவர், அளவாகச் சாப்பிடுகிறவர். ஆனால் தகப்பனுக்கு இதய நோய் இருந்தது. உடனே ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்தார்.

நடிகைகள் நோயை மறைப்பார்கள். அவர் மறைக்கவில்லை. சில மாதங்களிலேயே பத்திரிகையில் சொன்னார். அமெரிக்க இதயச் சங்கத்தோடு சேர்ந்து ஊர் ஊராகப் பேசினார். வீட்டில் எல்லோருடைய உடம்பையும் கவனித்துவிட்டுத் தன் உடம்பைக் கடைசியில் வைக்கிற பெண்களிடம், வலி வந்தால் காத்திருக்காதீர்கள் என்றார். 2022 ஜனவரியில் அவருக்கே மறுபடி ஓர் அடைப்பு, மறுபடி ஸ்டென்ட். இந்த முறை அவர் காத்திருக்கவில்லை. ஆக்னஸ் நிக்சன் 1962-இல் ஒரு கதாபாத்திரத்தின் வாயால் சொல்ல முயன்றதை, அவர் உருவாக்கிய நடிகை தன் சொந்த வாயால், உறுப்பின் பெயரைச் சொல்லி, நோயின் பெயரைச் சொல்லிச் சொன்னார்.

அதே 2022 மார்ச்சில் ஹெல்முட் காலமானார். 2023 டிசம்பரில், பகல் தொடர்களுக்கான எம்மி விழாவில் சூசனுக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது வழங்கினார்கள். அந்த விருதுக்கு யாரும் எபிசோடு பொறுக்கி அனுப்ப வேண்டியதில்லை. 1970 ஜனவரியிலிருந்து நடித்த அத்தனையும், அழிந்துபோன நாடாக்களில் இருந்ததும் சேர்த்தே, அதில் கணக்கு.